ஃபிளை கட்டினா காசு மிச்சமா? ஒரு ஆடிட்டர் கணக்கு

அமெரிக்காவில் கொலராடோவில் வேலை பார்க்கிற என் காலேஜ் நண்பன் போன வாரம் ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பினான். "மச்சான், மீன் பிடிக்கிற ஃபிளை எல்லாம் இப்போ நானே கட்டுறேன். எவ்வளவு மிச்சம்னு பார்த்துச் சொல்லு."

ஃபிளை என்றால் நிஜ ஈ இல்லை. தூண்டில் முள்ளில் இறகு, நூல், கம்பி சுற்றி, பூச்சி மாதிரி செய்கிற போலி இரை. டிரவுட் மீன் பூச்சி என்று நம்பிக் கவ்வும். பாறையிலும் மரக்கிளையிலும் மாட்டி அறுந்து போவதால், அடிக்கடி வாங்க வேண்டியிருக்கும்.

அவன் கணக்கு

கடையில் ஒன்று 2.50 டாலர். அவனே கட்டினால் பொருள் செலவு 0.60. ஒன்றுக்கு 1.90 மிச்சம். முள்ளைப் பிடித்துக்கொள்ளும் வைஸ், கத்தரிக்கோல், விளக்கு எல்லாம் 160 டாலர். 85 ஃபிளை கட்டினா போட்ட காசு வந்துடும். அவன் கட்டினது 110. லாபம்தானே?

என் கணக்கு

பில்லை எல்லாம் அனுப்பச் சொன்னேன். பொருட்களுக்கு மட்டும் 400 டாலர்! அதில் பயன்படுத்தினது 66. மீதி 334 டாலர் சரக்கு அலமாரியில் தூங்குது. எங்க பாஷையில் குளோசிங் ஸ்டாக். முள் பாக்கெட்டாகத்தான் கிடைக்கும், நூல் ஸ்பூலாகத்தான் கிடைக்கும். புதுசா ஒரு டிசைன் பார்த்தா, அதுக்குப் புது இறகு. ஆக, கையை விட்டுப் போனது 560. அதே 110 ஃபிளையைக் கடையில் வாங்கியிருந்தா 275.

அதைவிட மோசம், இதில் 300 டாலர் கிரெடிட் கார்டில், மினிமம் டியூ மட்டும் கட்டி ஓட்டிட்டு இருந்தான். 22% வட்டி என்றால் வருஷத்துக்கு சுமார் 66 டாலர். அதை ஈடுகட்டவே 35 ஃபிளை வேணும். வட்டி கட்டுறதுக்காக ஃபிளை கட்டியிருக்கான்!

நேரத்தையும் பாருங்க. மணிக்கு 4 கட்டினா மிச்சம் 7.60 டாலர். அங்கே ஃபெடரல் குறைந்தபட்சக் கூலியே 7.25.

அப்போ விட்டுடலாமா?

வேண்டாம். போனைத் தொடாம அவன் ரெண்டு மணி நேரம் உட்கார்றது இதுக்கு மட்டும்தான். கோணலா கட்டின முதல் ஃபிளையில் மாட்டின மீன்தான் இன்னும் அவன் வால்பேப்பர். அந்த சந்தோஷம் நிஜம். அதை "சேமிப்பு"ன்னு எழுதினதுதான் தப்பு.

நான் சொன்னது மூணு விஷயம்:

1. முதலில் கார்டு பாக்கியை முழுசா அடை.

2. இந்தச் செலவை பட்ஜெட்டில் "பொழுதுபோக்கு"க்கு மாத்து. மாசம் ஒரு தொகை, அதுக்கு மேல் கிடையாது.

3. இருக்கிற சரக்கு தீரும்வரை எளிய டிசைன் ரெண்டு போதும். ஜீப்ரா மிட்ஜுக்கு முள், மணி, நூல், கம்பி இருந்தாலே ஆச்சு. இங்கிலாந்தின் ஃபிராங்க் சாயர் தன் புகழ்பெற்ற ஃபெசன்ட் டெயில் நிம்ஃபை, நூல்கூட இல்லாம, மெல்லிய செம்புக் கம்பியும் ஃபெசன்ட் வால் இறகும் வெச்சே கட்டினார்.

உங்க வீட்டு காபி மெஷின், கேமரா லென்ஸ், கேக் அவன் எல்லாத்துக்கும் இதே கணக்குதான். "இது வாங்கினா மிச்சம்"னு தோணுறப்போ, மொத்த பில்லையும் ஒருமுறை கூட்டிப் பாருங்க. பிடிச்சதுக்குச் செலவு பண்ணுங்க, ஆனா அதைச் செலவுன்னே எழுதுங்க.

முழுக் கணக்கும் இந்த வார வீடியோவில் இருக்கு. பார்த்துட்டு, உங்க அலமாரியில் தூங்குற சரக்கு என்னன்னு சொல்லுங்க!