சபலென்காவா, சொபொலென்கோவா?

ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் பட்டத்தை 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வென்ற பெலாரஸ் வீராங்கனை அரினா சபலென்காவை நாம் அறிவோம். அவரது குடும்பப் பெயரை ரஷ்ய நாளேடுகள் 'சொபொலென்கோ' என்றே எழுதுகின்றன. இது எழுத்துப்பிழை அன்று. ஒரே பெயர் இரு மொழிகளின் எழுத்துமரபில் கொள்ளும் இரு வடிவங்கள் இவை.

இப்பெயரின் வேர் 'சோபல்' என்னும் சொல். கீரியைப் போன்ற உடலமைப்பும் அடர்ந்த மென்மயிரும் கொண்ட சிறு காட்டுவிலங்கை அது குறிக்கும். அதன் தோல் விலைமதிப்பு மிக்கது. சைபீரியப் பழங்குடியினரிடம் ரஷ்ய அரசு அதையே வரியாகத் தண்டியது. அவ்விலங்கின் பெயர் மனிதருக்குப் பட்டப்பெயராகி, பின்னர் குடும்பப் பெயராயிற்று. 'என்கா' என்னும் விகுதி 'இன்னாரின் வழித்தோன்றல்' எனப் பொருள்படும். இவ்விகுதி பெலாரஸின் கிழக்குப் பகுதியில் மிகுதி. அண்டை நாடான உக்ரைனில் இதுவே 'என்கோ' என வழங்கும். அதே வேரிலிருந்து சோபலெவ், சபலெவ்ஸ்கி போன்ற பெயர்களும் கிளைத்தன. இவை பெண்களுக்கு சோபலெவா, சபலெவ்ஸ்காயா என மாறும். சபலென்காவோ இருபாலருக்கும் பொது.

ஒகரம் அகரமாவது எவ்வாறு? அழுத்தம் பெறாத ஒகரத்தை இரு மொழியினரும் ஏறத்தாழ அகரமாகவே ஒலிக்கின்றனர். ரஷ்ய மொழி பழைய எழுத்தைக் காக்கிறது; பெலாரஸ் மொழி ஒலிப்பதையே எழுதுகிறது. 'சோபல்' என்பதில் அழுத்தம் முதலசையில் விழுவதால் அங்கே ஓகாரம் நிலைக்கிறது. சபலென்காவில் அழுத்தம் 'லென்' என்னும் அசைக்கு நகர்வதால், ரஷ்ய வடிவின் மூன்று ஒகரங்களும் அகரங்களாகின்றன.

இது வெறும் இலக்கணச் செய்தியன்று. ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் ஆவணங்கள் ரஷ்ய மொழியிலேயே எழுதப்பட்டன. 1990ஆம் ஆண்டுச் சட்டம் பெலாரஸ் மொழியை ஒரே அரசமொழியாக்கியது. 1995ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பு ரஷ்ய மொழிக்குச் சம நிலை அளித்தது. இன்று அந்நாட்டு நகரங்களில் பெரிதும் ஒலிப்பது ரஷ்ய மொழியே. பேச்சில் பின்தள்ளப்பட்ட மொழி, கடவுச்சீட்டிலும் விளையாட்டரங்கின் பலகையிலும் ஓர் அகரமாக எஞ்சி நிற்கிறது.

ரஷ்ய வடிவையே தம் பெயராகக் கொள்ளும் பெலாரஸ் மக்களும் உண்டு. அது அவர்தம் உரிமை. பெயரின் வடிவைத் தீர்மானிக்க வேண்டியவர் அதைச் சுமப்பவரே. அண்டை வல்லரசோ, செய்தி எழுதும் நாமோ அல்லர்.