விடுமுறைச் சம்பளமும் வழக்குச் செலவும்

ஆர்.கே.பேட்டையில் ஒரே ஒரு சிப்பந்தியை வைத்து மளிகைக் கடை நடத்துவோரும் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 25ஆம் பிரிவின்படி, தொடர்ந்து 12 மாதம் வேலை செய்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். அதைக் கொடுக்காமல் ஆளை நிறுத்தினால், அந்த நாட்களுக்குரிய தொகையைக் கொடுத்தே தீர வேண்டும்.

மாதம் 15,000 ரூபாய் வாங்குபவருக்கு 12 நாள் கணக்கு ஏறத்தாழ 6,000 ரூபாய்தான். "இதற்குப் போய் வக்கீல் வைப்பாரா?" என்று இருந்துவிடக் கூடாது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு வக்கீல் உதவி இலவசம். 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஊதியப் பாக்கிக்கு 3 ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். பாக்கியுடன் அதைப் போல் 10 மடங்கு வரை இழப்பீடும் விதிக்க இடமுண்டு. சிப்பந்தியின் செலவு அதில் ஈடாகிவிடலாம். நம் வக்கீல் கட்டணமோ நம் கல்லாவிலிருந்துதான் போகும்.

ஆகவே விடுமுறைப் பதிவேடு வையுங்கள். ஆள் விலகினால் 2 வேலை நாளுக்குள் கணக்குத் தீர்த்து, ரசீதில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.