‘போக’ தெரிந்தால் ‘டு கோ’ தெரியும்



ஆங்கிலப் பாடத்தில் எம்மில் பலர் இடறும் சொல் ‘டு’. “ஐ கேன் டு கோ” என்று எழுதினால், ஆசிரியை ‘டு’வைச் சிவப்பு மையால் வெட்டுகிறார். “ஷீ வோன்ட்ஸ் கோ” என்று எழுதினால், அங்கே ‘டு’வைச் சேர்க்கிறார். எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

முதலில் தமிழைப் பார்ப்போம். “நான் போக நினைத்தேன்”, “தங்கச்சி போக நினைக்கிறாள்.” ஆளும் காலமும் மாறியும் ‘போக’ மாறவில்லை. வாங்க, படிக்க, எழுத என்பனவும் அப்படியே. நன்னூல் கூறும் 12 வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செய’ என்பது இது. ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கியது இன்ஃபினிட்டிவ். அதுவும் மாறாது. ஆகவே ‘டு வென்ட்’, ‘டு கோஸ்’ என்பன பிழை.

தமிழில் ‘போக’ ஒன்றுதான். ஆங்கிலத்திலோ ‘கோ’, ‘டு கோ’ என இரண்டு. பழைய ஆங்கிலத்தில் வினையின் இறுதியில் ‘அன்’ என்னும் விகுதி இருந்தது, எமது ‘போக’வின் இறுதியில் அகரம் இருப்பதுபோல. அவ்விகுதி தேய்ந்து மறைய, முன்னால் ‘டு’ சேர்க்கும் வழக்கம் பரவியது. சில வினைகள் மட்டும் ‘டு’வை ஏற்கவில்லை.

1. கேன், மஸ்ட், வில், ஷுட், மே என்பவற்றின் பின் ‘டு’ வராது. எழுத முடியும்: ஐ கேன் ரைட்.

2. வோன்ட், ஹோப், டிசைட், பிளான் என்பவற்றின் பின் ‘டு’ வரும். எழுத விரும்புகிறேன்: ஐ வோன்ட் டு ரைட்.

3. நோக்கத்தைச் சொல்லவும் ‘டு’ வரும். உம்மா மரக்கறி வாங்கப் பதுளைக்குப் போனார் என்பதில் ‘வாங்க’ என்பது ‘டு பை’. ‘ஃபோர் பை’ அன்று.

4. லெட், மேக் என்பவற்றின் பின் ‘டு’ இல்லை. அவளைப் போக விடு: லெட் ஹர் கோ.

ஓரிடத்தில் கவனம் தேவை. “ஷீ ஸ்டாப்ட் டு டோக்” என்றால், ஹாலிஎல சந்தியில் தோழியைக் கண்டு பேச நின்றாள். “ஷீ ஸ்டாப்ட் டோக்கிங்” என்றால், பேச்சையே நிறுத்திவிட்டாள். ‘டு’ பொருளையே மாற்றிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். “எனக்கு ஆங்கிலம் தெரியாதே, பிள்ளைக்கு எப்படி உதவுவது?” என்று ஒதுங்க வேண்டாம். பிள்ளை எழுதிய வசனத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘போக’, ‘எழுத’ போன்ற சொல் வந்தால், அதன்பின் வருவது ‘முடியும்’ என்பதா, ‘விரும்புகிறேன்’ என்பதா எனக் கேளுங்கள். ‘டு’ வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும்.