சேர்ந்து போவோம், சோதனை செய்துகொள்வோம்



இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய் முதலிடம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இரண்டாம் இடம். இதில் இரண்டாவதை வருமுன்பே தடுக்கலாம். எச்.பி.வி. என்ற கிருமிதான் இதற்குக் காரணம். கிருமி தொற்றி, புற்றாக மாறப் பெரும்பாலும் 10 வருடங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் புண்ணை உறைய வைத்தே குணமாக்கிவிடலாம்.

சோதனை எப்படி?

வினிகரில் உள்ள அசிடிக் அமிலத்தைத் தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்து, கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிடத்தில் மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். கத்தி இல்லை, ஊசி இல்லை.

திண்டுக்கல் சொல்லும் பாடம்

2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் 57 ஊராட்சிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செவிலியர்களே இந்தச் சோதனையைச் செய்யத் தொடங்கினார்கள். சோதனை நடக்காத வேறு 57 ஊராட்சிகளோடு ஒப்பிட்டு, 2007-ல் முடிவு வெளியானது. சோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது.

ஆனால் அழைக்கப்பட்ட 49,311 பேரில் வந்தவர்கள் 31,343 பேர்தான். மூன்றில் ஒருவர் வரவில்லை. ஏன்? "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே", "வெட்கமா இருக்கு", "ஒருநாள் கூலி போயிடும்" என்று நம் குழுக்களிலும் கேட்கிறோமே, அந்தக் காரணங்களை மருத்துவரால் தீர்க்க முடியாது. குழுவால் முடியும். தவணை கட்டாத உறுப்பினரை வீடு தேடிப் போய் விசாரிக்கிறோம். உயிர் விஷயத்துக்குப் போக மாட்டோமா?

குழுவில் என்ன செய்யலாம்?

* அடுத்த கூட்டத்தில் 30 வயது நிறைந்த உறுப்பினர்களின் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுவோம்.
* கிராம சுகாதார செவிலியரிடம் நாள் கேட்டு, ஐந்தைந்து பேராக ஆரம்ப சுகாதார நிலையம் போவோம். போகிறவர் வீட்டுப் பிள்ளைகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்வோம்.
* மாதவிலக்கு நின்ற பிறகோ, தாம்பத்திய உறவுக்குப் பிறகோ இரத்தப்போக்கு, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரைப் பார்ப்போம்.
* நோய் உறுதியானால் கந்துவட்டிக்கு ஓடும் முன், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை கிடைக்குமா என்று விசாரிப்போம்.
* 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி பற்றிக் கேட்போம்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அதை உருவாக்கியது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று நடத்திய ஒரு மாதர் சங்கம். ஒரு சங்கம் மருத்துவமனையையே கட்டியது. நாம் நம் தெருவுப் பெண்களைச் சோதனைக்கு அழைத்துப் போகக் கூடாதா?