ஹோட்டல் இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா?

நமது கலந்துரையாடல் நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு முடியும் நேரம். பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு மாது ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். "மகள் கல்யாணத்துக்குச் சென்னைக்குப் போறோம். புடவைக் கடை, மண்டபம் எல்லாத்துக்கும் இங்குள்ள கணக்கிலிருந்துதான் பணம் அனுப்பணும். ஹோட்டல் வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா தம்பி?" என்று கேட்டார்.

குழுவில் இருந்த கணினிப் பொறியாளர், "புறப்படும் முன் சிங்கப்பூரில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுங்கள். அதன் வழியாகவே இணையத்துக்குப் போங்கள்" என்றார். அதோடு நேரம் முடிந்துவிட்டது. சர்வரை யார் வாடகைக்குத் தருவார்கள், அதை வைத்து என்ன செய்வது என்று நேயர்கள் பலர் பிறகு கேட்டார்கள். அவர்களுக்காகவே இந்த விளக்கம்.

முதலில் பயத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்வோம். 2010ஆம் ஆண்டில் 'ஃபயர்ஷீப்' என்ற சிறு மென்பொருள் வெளிவந்தது. காப்பிக் கடையின் திறந்த வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் நுழைவது எவ்வளவு சுலபம் என்று அது உலகத்துக்குக் காட்டியது. கடவுச்சொல் கேட்கும் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மற்றதைத் திறந்துபோட்ட தளங்கள் அப்போது ஏராளம். இன்று வங்கிகள் மட்டுமல்ல, பெரும்பாலான தளங்களும் எல்லாப் பக்கங்களையும் 'எச்டிடிபிஎஸ்' முறையில் சங்கேதமாக்கியே அனுப்புகின்றன. ஹோட்டல்காரர் உங்கள் கடவுச்சொல்லைப் படித்துவிட முடியாது. ஆனால் நீங்கள் எந்த வங்கியின் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை அவர் பெரும்பாலும் பார்க்கலாம். ஹோட்டல் பெயரிலேயே வேறொருவர் போலி வைஃபை வைத்து உங்களைத் திசைதிருப்பவும் பார்க்கலாம். திரையில் எச்சரிக்கை வந்தாலும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போகிறவர்கள் நம்மில் இல்லையா?

வாடகைச் சர்வர் இங்கேதான் உதவுகிறது. அது தரவு நிலையம் ஒன்றில் இரவும் பகலும் ஓடும் கணினியின் ஒரு பகுதி. ஒரே புளோக்கில் பல வீடுகள் இருப்பதுபோல, ஒரு பெரிய கணினியைப் பல வீடுகளாகத் தடுத்து மாத வாடகைக்கு விடுகிறார்கள். உங்கள் கைத்தொலைபேசிக்கும் அந்த வீட்டுக்கும் இடையே ஒரு சுரங்கப்பாதை அமைத்தால், நீங்கள் பார்ப்பது, அனுப்புவது எல்லாம் அதன் வழியே பூட்டப்பட்டுப் போகும். ஏதோ ஓர் எண்ணோடு நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது மட்டுமே ஹோட்டலுக்குத் தெரியும்.

நிறுவனத்தின் தளத்தில் பதிந்து, கடன் அட்டை எண்ணைக் கொடுத்து, சர்வர் இருக்கும் இடமாகச் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள். வங்கித் தளத்துக்கு நீங்கள் உள்ளூரிலிருந்து வருவதாகவே தெரியும். தகவல் அமெரிக்கா வரை சுற்றிவிட்டு வர வேண்டியதும் இல்லை. ஒரு கிகாபைட் நினைவகம் போதும், மாதம் 5 அமெரிக்க டாலர் அளவில் கிடைக்கும். இயங்குதளம் உபுண்டுவாக இருக்கட்டும்.

இனிமேல்தான் கவனம் தேவை. புதிய சர்வர் இணையத்தில் தோன்றிய சற்று நேரத்திலேயே, உலகின் எங்கெங்கோ இருந்து தானியங்கி மென்பொருள்கள் அதன் கதவைத் தட்டிக் கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். ஆகையால் கடவுச்சொல்லால் நுழைவதையே நிறுத்திவிட்டு, 'எஸ்எஸ்எச்' சாவிக் கோப்பால் மட்டும் நுழையும்படி செய்ய வேண்டும். பின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கட்டமைப்பில் கடவுச்சொற்கள் களவு போனதையடுத்து, 1995இல் டாட்டு இலோனென் எழுதியதுதான் இந்த எஸ்எஸ்எச். சாவி இரட்டையாக உருவாகும். பொதுச் சாவி சர்வரில் இருக்கும். தனிச் சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது.

பிறகு 'ஃபயர்வால்' எனும் தடுப்புச் சுவர். நான் முதல்முறை செய்தபோது, நான் உள்ளே நுழையும் 22ஆம் எண் வாயிலுக்கு அனுமதி தராமலே சுவரை எழுப்பிவிட்டேன். சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவன் கதைதான். நிறுவனத்தின் தளத்திலேயே இருந்த அவசரத் திரை வழியாகப் போய்த் திறக்க ஒரு மாலைப்பொழுது போனது.

சுரங்கத்துக்கு நான் பரிந்துரைப்பது 'வயர்கார்ட்'. ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய இது, 2020 மார்ச்சில் லினக்ஸின் கருநிரலிலேயே சேர்க்கப்பட்டது. இதற்கும் ஒரு ஜோடிச் சாவிகள் சர்வரில், ஒரு ஜோடி கைத்தொலைபேசியில். ஃபயர்வாலில் 51820ஆம் வாயிலைத் திறந்துவிட வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தனக்கு வருவதை வெளியே கடத்திவிடும் வசதி சர்வரில் வழக்கமாக மூடியே இருக்கும். அதைத் திறக்காவிட்டால் சுரங்கம் இணைந்ததுபோல் காட்டும், ஒரு பக்கம்கூட வராது. இவ்வளவும் மலைப்பாக இருந்தால் 'அவுட்லைன்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சர்வரை அமைக்கும் வேலையில் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

விமான நிலையத்தில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். வீட்டிலேயே சோதியுங்கள். உங்கள் இணைய முகவரியைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். சுரங்கம் ஓடும்போது சர்வரின் எண் தெரிய வேண்டும். ஹோட்டலில் அறை எண்ணைக் கேட்கும் பக்கம் வரும்வரை சுரங்கத்தை நிறுத்திவைத்து, அதை முடித்த பிறகு இயக்குங்கள்.

"அப்படியென்றால் யாருக்கும் தெரியாமல் எதையும் பார்க்கலாமா?" என்று ஒரு மாணவர் தொலைபேசியில் கேட்டார். முடியாது. சர்வர் உங்கள் பெயரில், உங்கள் அட்டையில் இருக்கிறது. உறவுக்காரப் பிள்ளைக்கு நீங்கள் கொடுத்த சாவியில் அவன் ஏதாவது செய்தால் புகார் உங்களிடம்தான் வரும். போகும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். சீனாவில் அரசு அனுமதித்த சுரங்க வழிகளுக்கு மட்டுமே இடம். ஐக்கிய அரபு சிற்றரசுகளில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றம் செய்யவோ மறைக்கவோ இப்படி முகவரியை மாற்றினால் கடும் அபராதம். இன்னொன்று, குறுஞ்செய்தியில் வந்த போலி இணைப்பை நீங்களே அழுத்தினால், அதுவும் இதே சுரங்கத்தில் பத்திரமாகப் போய்த் திருடனிடம் சேரும்.

ஒரு வாரப் பயணத்துக்கு இத்தனையும் தேவையா? தேவையில்லை என்பது என் கருத்து. ஒளிப்பதிவுக்குப் பிறகு பொறியாளரும் அந்த மாதுவிடம், "உங்களுக்குத் தொலைபேசியின் ரோமிங் இணையமே போதும், அக்கா. வங்கி வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்" என்றார். மாதக்கணக்கில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், படிக்கும் பிள்ளைகள், இவர்களுக்குத்தான் வாடகைச் சர்வர் கட்டுப்படியாகும்.

திரும்பி வந்ததும் சர்வரை நிறுத்தினால் மட்டும் போதாது. பல நிறுவனங்களில் அதை அடியோடு அழிக்கும்வரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு ஏழு மாதம் ஓடியது.