உங்களுக்குத் தெரியுமா? ஏர் உழுதால் விமானச் சத்தம் அடங்கும்!

தஞ்சாவூர் விமானதளத்துக்கு என்ன வயசு தெரியுமா? இரண்டாம் உலகப்போருக்காக 1940-ல் போட்டது! 2020 ஜனவரி 20-ல் அங்கே சுகோய்-30 படையணி வந்து சேர்ந்தது. அதன் உச்சவேகம் மணிக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேல்!

வேகம் இருக்கட்டும், விமானச் சத்தத்தை அடக்க உலகுக்கு வழிகாட்டியது யார் தெரியுமா? விஞ்ஞானி இல்லை. உழுத வயல்!

இடம், ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம். ஏரியை வற்றவைத்து எடுத்த பூமி. கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிறது! நம்ம டெல்டா மாதிரியே பாய் விரித்தாற்போல் சமதளம். 2003-ல் அங்கே புது ஓடுபாதை திறந்தார்கள். விமானம் கிளம்பும்போதெல்லாம் ஓர் உறுமல் தரையோடு தரையாக ஓடிவந்து ஊருக்குள் புகுந்தது. ஜனங்களுக்குத் தூக்கம் போச்சு!

ஆனால், அறுவடை முடிந்து நிலத்தை உழுதுபோட்டால் மட்டும் சத்தம் குறைந்தது! இறுகிக் கிடக்கும் கட்டாந்தரையில் வழுக்கிக்கொண்டு ஓடுகிற ஒலி, உழவுசாலில் முட்டிச் சிதறிப்போகிறது!

விடுவார்களா? சுமார் 80 ஏக்கரில் பிரமாண்டமாக 'உழுதே' விட்டார்கள். நம்ம தஞ்சாவூர்க் கணக்கில் 12 வேலி! நூல் பிடித்தாற்போல் 150 மண்வரப்புகள். ஒவ்வொன்றும் ஆளுயரம்! வரப்புக்கு வரப்பு 11 மீட்டர். ஏன் 11? அந்த உறுமலின் ஒலி அலை நீளமே அவ்வளவுதான்! 2013-ல் இதைப் பூங்காவாகவே திறந்தார்கள். பெயர் பாய்டன்ஸ்கோட். சத்தம் பாதியாகக் குறைந்தது!

அண்டை வெட்டி வரப்பு போடுகிற நம்ம ஊர் ஆட்களைக் கூப்பிட்டிருந்தால் இன்னும் அழகாகவே போட்டிருப்பார்கள்!

10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தம்தான் கேட்கும். ஆனால் ஒலியின் சக்தி குறைவது பாதியாக அல்ல, பத்தில் ஒன்றாக!

நம் நாட்டிலும் விமான நிலையச் சத்தத்துக்கு அளவு உண்டு. 2018-ல் வந்த விதி இது. விமானம் ஏறுவதும் இறங்குவதும் சேர்த்து வருஷத்துக்கு 50,000 தடவையைத் தாண்டினால் அது 'பிஸி' விமான நிலையம். அங்கே பகலில் 70 டெசிபல், ராத்திரியில் 65. மற்ற இடங்களில் 65, 60!

ஜப்பானின் ஒசாகாவில் ஊர் நடுவே இருந்த விமான நிலையத்தின் இரைச்சலை ஜனங்களால் தாங்க முடியவில்லை. என்ன செய்தார்கள்? கடலுக்குள் 5 கிலோமீட்டர் தள்ளி ஒரு தீவையே உருவாக்கி, 1994-ல் புது விமான நிலையத்தைத் திறந்தார்கள்!

போயிங் 787 இன்ஜினின் பின்விளிம்பைப் பார்த்திருக்கிறீர்களா? கருக்கரிவாள் மாதிரி பல் பல்லாக இருக்கும். அலங்காரம் இல்லை. இன்ஜினிலிருந்து பாய்கிற காற்றும் வெளிக்காற்றும் சீராகக் கலக்கத்தான் இந்த ஏற்பாடு. இரைச்சல் மட்டுப்படும்!

இயற்கையிலும் ஒரு பல் இருக்கிறது! எலி பிடிக்க ஆந்தை வந்து உட்காரட்டும் என்று வயலில் தென்னைமட்டையைத் தலைகீழாக நட்டு வைப்போமே, அந்த ஆந்தையின் இறகைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்விளிம்பில் சீப்புப்பல், பின்விளிம்பில் குஞ்சம், மேலே வெல்வெட் மாதிரி மென்ரோமம்! பக்கத்தில் வந்தாலும் எலிக்குக் கேட்காது. விமானம் செய்கிறவர்கள் படிக்கும் ஆய்விதழில் இந்த இறகைப் பற்றிக் கட்டுரை வந்த வருஷம் எது தெரியுமா? 1934!