எரிச்சல் நின்றுவிட்டதா? பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்

நங்கநல்லூரில் கோயில்களுக்குப் பஞ்சமில்லை. 32 அடி ஆஞ்சநேயரில் தொடங்கி, ஒரே காலையில் நாலைந்து சந்நிதி சுற்றிவிட்டு வருகிறவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் காய்ந்த கருங்கல் தரையில் எல்லோரும் கால் மாற்றிக் கால் மாற்றி ஓடும்போது, ஒரு பெரியவர் மட்டும் நிதானமாகப் பிரதட்சிணம் செய்தால், பக்தி மட்டுமே காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். பல வருடத்துச் சர்க்கரை நோயாகவும் இருக்கலாம்.

சூடு உறைப்பது எப்படி?

தோலில் வந்து முடியும் நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடு பட்டால் அது திறந்துகொள்ளும், மின்துடிப்பு கிளம்பும். மிளகாயின் காரமும் இதையேதான் திறக்கிறது. மிளகாய் அரிந்த கை எரிவது அதனால்தான். இந்தப் புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

துடிப்பு இரண்டு வகை இழைகளில் ஓடுகிறது. மெல்லிய கொழுப்புறை உள்ள இழையில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். உறையே இல்லாத இழையில் 2 மீட்டருக்குள். கட்டில் காலில் இடித்துக்கொண்டால் முதலில் ‘சுரீர்’, சற்றுப் பொறுத்து ‘விண்விண்’ என்று வருவது இதனால்தான்.

நரம்பே பழுதானால்

வருடக்கணக்கில் சர்க்கரை ஏறிக்கிடந்தால், நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் இழைகளும் கெடும். நீளமான நரம்புகள்தான் முதலில் அடிபடும். அதனால் இரண்டு பாதங்களிலும் பாதிப்பு விரல் நுனியில் ஆரம்பித்து, சாக்ஸ் போட்ட அளவுக்கு மேலே ஏறும்.

பழுதான இழை, சூடோ காயமோ இல்லாமலே துடிப்புகளை அனுப்பும். அவை ஓயாமல் வந்து முட்டுவதால் தண்டுவடத்தின் உணர்வும் கூர்மையாகிவிடும். ராத்திரி போர்வை பட்டாலே காந்தும். இன்னொரு பக்கம், செத்துப்போன இழைகள் எதையும் சொல்லாது. ஆகவே ஒரே பாதம் எரியவும் செய்யும், மரத்தும் இருக்கும்.

“இப்போ எரிச்சலே இல்லை டாக்டர்” என்று சிலர் சந்தோஷமாகச் சொல்வார்கள். மருந்தாலோ சர்க்கரைக் கட்டுப்பாட்டாலோ குறைந்திருந்தால் நல்லது. ஒன்றுமே செய்யாமல் நின்றிருந்தால், மிச்சமிருந்த இழைகளும் போயிருக்கலாம். என்னைக் கேட்டால், எரிகிற பாதத்தைவிட எரியாத இந்தப் பாதத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

வேலூர் கண்டது

ஏன் பயப்பட வேண்டும் என்பதைத் தொழுநோயின் கதை சொல்லும். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு அறுவை சிகிச்சை நிபுணராக வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அப்போது நம்பினார்கள். கிருமி கொல்வது நரம்பை. உணராமல் பட்ட சூடும் காயமும்தான் விரலைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். தூக்கத்தில் எலி கடித்துக்கூட விரல் போனது. அதற்காக நோயாளிகளிடம் பூனை கொடுத்து அனுப்பினார்களாம்! பின்னாளில் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் இதே பார்வையைக் கொண்டுபோனார்.

என்ன செய்யலாம்?

சர்க்கரை நோயாளிகளுக்கு வருடத்துக்கு ஒரு முறை பாதப் பரிசோதனை வேண்டும். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். இசைக்கவையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். வலி கிடையாது. நீண்டகாலம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், அதிலும் சைவக்காரர்கள், பி12 அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது குறைந்தாலும் இதே எரிச்சல்தான் வரும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. சிலவகை, தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரிகாபலின், டுலாக்ஸிடின் போன்றவை வேறு வழியில் வேலை செய்பவை. அவற்றை டாக்டர் எழுதித்தான் சாப்பிட வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் வைக்கும் கைவைத்தியத்தை விட்டுவிடுங்கள். மரத்த காலுக்கு வெந்நீரும் கொதிநீரும் ஒன்றுதான். கோயிலுக்குத் தரை குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் போகலாம். வீடு திரும்பியதும் கைக்கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவருக்கு வீட்டில் யாராவது பார்க்கட்டும். கொப்புளமோ வெடிப்போ இருந்தால், வலிக்காவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.